கோவை மூன்றாம் மண்டலம்: நிலநடுக்கத்துக்குத் தனிச் சட்டம் வேண்டுமா?

கேள்வி: பொள்ளாச்சி வாசகர், 16 ஜூன் 2024

நேற்றுக் காலை எட்டேகால் மணிக்குத் திருச்சூர், பாலக்காடு பக்கம் நிலம் அதிர்ந்திருக்கிறது. 3.0 அளவு என்கிறார்கள். பாலக்காடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். நம் பக்கம் இதெல்லாம் வராது, நாம் இருப்பது கெட்டிப் பாறை என்று அப்பா சொல்கிறார். புயல், வெள்ளம் என்றால் அரசு ஏதாவது செய்கிறது. நிலநடுக்கத்துக்கென்று தமிழ்நாட்டில் சட்டம் உண்டா? இல்லையென்றால் நமக்கு அது தேவையா?

16 ஜூன் 2024, இரவு

வராது என்பது தவறு. வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8, விடியும் முன் இருட்டில். அளவு ஏறக்குறைய 6. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் மையம். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அதை உணர்ந்திருக்கிறார்கள்.

கெட்டிப் பாறை என்று அப்பா சொன்னது பாதி சரி. பாறைமேல் நேரடியாகக் கடைக்கால் போட்ட வீட்டுக்கு அது நல்லது. ஆனால் கெட்டிப் பாறை அதிர்வை விழுங்காமல் வெகுதூரம் கொண்டுபோகும். அப்புறம், நம் எல்லோர் வீடும் பாறைமேலா இருக்கிறது? பல்லடம், சூலூர் பக்கம் கரிசல். கோவைக்குள் பழைய குளத்தங்கரையை மண் போட்டு மேடாக்கிக் கட்டிய தெருக்கள் எத்தனையோ. இளகிய மண் அதிர்வைப் பெருக்கிவிடும்.

நாட்டின் 2002-இல் திருத்திய நில அதிர்வு வரைபடத்தில் நான்கு மண்டலங்கள்: 2, 3, 4, 5. ஐந்துதான் ஆபத்து அதிகம், இமயமலை, கட்ச் போன்ற இடங்கள். கோவையும் சேலமும் மூன்றில் வருகின்றன. திருச்சியும் மதுரையும் இரண்டில். சென்னையை 2002 திருத்தத்தில்தான் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றினார்கள். அதே திருத்தத்தில் ஒன்றாம் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். ஆபத்தே இல்லாத ஊர் என்று இந்தியாவில் எதுவும் இல்லை என்பது அதன் பொருள்.

சட்டம் பற்றி: 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இருக்கின்றன. இவற்றை ஒழுங்காகச் செய்தாலே போதும், தனிச் சட்டம் தேவையில்லை என்பது என் கருத்து. கட்டட வேலையில் 22 வருடம் இருக்கிறேன். பிளான் போடுவது, மேற்பார்வை பார்ப்பது என் தொழில்.

17 ஜூன் 2024

ஒன்று விட்டுப் போனது. அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊரில், காங்கேயம் பக்கம், பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஆசாரத்துச் சுவரில், அதாவது கூடத்துச் சுவரில், மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். சின்ன வயதில் விரலை விட்டுப் பார்ப்போம். "பூமி குலுங்குன வருசம் உட்டது கண்ணு அது" என்று அமுச்சி சொல்வார். அவர் அப்போது பிறக்கவே இல்லை, அவருடைய அத்தை சொன்னதாம். 1900 என்றதும் எனக்கு அந்த விரிசல்தான் நினைவுக்கு வந்தது. அடுத்த முறை போகும்போது படம் எடுத்துப் போடுகிறேன்.

23 ஜூன் 2024

ஈரோட்டு நண்பர் கேட்டதற்குப் பதில்: "பேரிடர் சட்டம் என்பது நடந்த பிறகு அரிசி, பாய் கொடுக்கத்தானே?" இல்லை. 30-ஆம் பிரிவைப் படியுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்ட அமைப்பு, மாவட்டத்தில் எந்த இடத்துக் கட்டுமானத்தையும் பார்வையிடலாம். பேரிடர் தடுப்புக்கான தரப்படி இல்லை என்று தெரிந்தால், சரிசெய்ய வைக்கும்படி உரிய அமைப்புக்கு உத்தரவிடலாம். 41-ஆம் பிரிவு இன்னும் நேரானது: தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் அந்தத் தரப்படி இருப்பதை உள்ளாட்சி உறுதிசெய்ய வேண்டும். ஊராட்சியும் இதில் அடக்கம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐ.எஸ். 1893, ஐ.எஸ். 13920, ஐ.எஸ். 4326 என்று நாங்கள் சொல்வதெல்லாம் இந்தியத் தர அமைவனம் வெளியிடும் தரங்கள். 1893 என்பது வருடமல்ல, எண். அந்தத் தரம் முதலில் வந்தது 1962-இல். எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கும்படி கணக்குப் போட வேண்டும் என்று 1893 சொல்லும். கான்கிரீட்டுக்குள் கம்பியை எப்படிக் கட்ட வேண்டும் என்று 13920 சொல்லும். செங்கல், கல் சுவர் வீட்டுக்கு 4326. இவை தாமாகவே சட்டம் ஆகிவிடாது. மாநிலத்தின் கட்டட விதி இவற்றை எடுத்துச் சொன்னால்தான் கட்டாயம். நம் 2019 விதிகள் எடுத்துச் சொல்கின்றன. எழுத்தில் குறை இல்லை.

30 ஜூன் 2024

எழுத்தில் குறை இல்லை என்று போன வாரம் எழுதிவிட்டு, திங்கட்கிழமை பல்லடம் பக்கம் ஒரு வேலைக்குப் போனேன். தரைத்தளமும் மேலே ஒரு மாடியுமாக வரப்போகும் வீடு. பில்லரின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை வளைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் அடித்த முளைகளுக்கு நடுவே எட்டு எம்.எம். கம்பியைக் கொடுத்து நான்கு இழுப்பு, ஒரு சதுரம் ஆயிற்று. கடைசியில் இரண்டு நுனிகளும் சேரும் இடத்தில் எல் எழுத்துப் போல 90 பாகையில் மடக்கி விட்டுவிடுகிறார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

13920 கேட்பது 135 பாகை. அதாவது நுனி உள்பக்கமாக, பில்லரின் வயிற்றுக்குள் திரும்பியிருக்க வேண்டும், அதுவும் 65 எம்.எம். நீளத்துக்குக் குறையாமல். காரணம் எளிது. ஆட்டத்தில் பில்லரின் மேல்தோல் முதலில் உதிரும். 90-இல் மடக்கிய நுனி அந்தத் தோலுக்குள்தான் இருக்கிறது. தோல் போனால் நுனி பிரியும், ரிங் வாயைத் திறக்கும், உள்ளே நிற்கிற நீளக் கம்பிகள் பிதுங்கும், பில்லர் உட்காரும். 135-இல் மடக்கிய நுனி நடுக் கான்கிரீட்டைக் கொக்கிபோல் பிடித்துக்கொண்டிருக்கும். தோல் போனாலும் விடாது.

கம்பி வேலை பார்ப்பவரிடம் சொன்னேன். என்னைவிட மூத்தவர், நிதானமான மனிதர்.

"ஏனுங்க சார், இத்தன வருசமா நாங்க கட்டுன ஊடெல்லாம் விழுந்தா போச்சுங்க?"

"விழுகலீங்கண்ணா. இன்னும் யாரும் ஆட்டிப் பாக்கலீங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஒரு ரிங்கை எடுத்து நுனியை உள்ளே வளைத்துக் காட்டி, "இப்பிடிங்களா?" என்றார். அவ்வளவுதான். ஒன்றுக்கு அரை நிமிடம் கூடுதல் ஆகியிருக்கும்.

செலவைக் கணக்குப் போட்டேன். 12 பில்லர், இரண்டு தளம், ஒவ்வொன்றிலும் 25 ரிங் என்றால் 600. ரிங்குக்கு நான்கு அங்குலம் கூடுதல் என்று வைத்தால் 60 மீட்டர். எட்டு எம்.எம். மீட்டருக்கு 395 கிராம், ஆக 24 கிலோகூட இல்லை. கிலோ 70 ரூபாய் போட்டாலும் 1,700-க்குள் முடிகிறது. அந்த வீட்டின் புதுமனை புகுவிழாவில் பந்தலுக்கு இதைவிட அதிகம் ஆகும்.

1 ஜூலை 2024

நேற்றைய கணக்கில் பிழை. 25 ரிங் என்று போட்டது நெருக்கமாக வைக்கும் கணக்கு. நம் பக்கத்து வழக்கம் ஆறு அங்குலத்துக்கு ஒன்று, பத்தடிக்கு 20. பில்லரின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் குறைந்தது 18 அங்குலத்துக்கு நெருக்க வேண்டும். ஓரடிப் பில்லர் என்றால் மூன்று அங்குலத்துக்கு ஒன்று. அப்படிப் போட்டால் 26 ஆகிறது. பில்லருக்கு ஆறு கூடுதல், 24 இடத்துக்கு 144 ரிங், சுமார் 57 கிலோ, 4,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 6,000-க்குள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2016-இல் திருத்திய 13920, பில்லரின் குறுகிய பக்கம் 300 எம்.எம்.முக்குக் குறையக்கூடாது என்கிறது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் 9-க்கு 12 அங்குலப் பில்லர்தான், சுவருக்குள் மறைய வேண்டும் என்பதற்காக. ஒன்பது அங்குலம் 230 எம்.எம்.தான். நான் போட்ட பிளான்களும் அப்படித்தான். மண்டலம் 3, 4, 5-க்கெல்லாம் இந்தத் தரம் பொருந்தும் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. படித்தும் இருக்கிறேன். வீட்டுக்காரர் பில்லர் அறைக்குள் துருத்துகிறது என்று முகம் சுளித்தால் ஒன்பதுக்கு இறங்கி வந்துவிடுவேன். இந்த வருடத்திலிருந்து இறங்கவில்லை.

இருக்கிற சட்டமே போதும் என்று ஜூன் 16-இல் எழுதியதில் எனக்கு இப்போது உறுதி இல்லை.

24 ஜூலை 2024

நேற்று முன்தினம் முதலமைச்சர் சுயசான்று முறையைத் தொடங்கி வைத்தார். 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடி வரை வீடு என்றால், இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். மக்களுக்கு நல்லது, மனதாரச் சொல்கிறேன். ஒரு சிறு வீட்டு பிளானுக்காக ஆறு மாதம் நடந்த மனிதர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் கொங்கு நாட்டில் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் வருகின்றன. இனிமேல் அந்த வீட்டின் ரிங்கைக் கான்கிரீட் மூடும் முன் வெளியாள் ஒருவர் பார்ப்பதற்கு எந்தச் சந்தர்ப்பமும் இல்லை. முன்பு மட்டும் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்க்கவில்லை. சிறு வீடுகளுக்குப் பணிநிறைவுச் சான்றும் கேட்பதில்லை.

அதே இணையப் பக்கத்தில் ஒரு இடம் வைக்கலாம்: ஒவ்வொரு தளத்திலும் பில்லர் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடும் முன், இரண்டு படங்கள். ரிங் நுனி தெரிகிற மாதிரி ஒன்று, பில்லரின் அடிப்பகுதி நெருக்கம் தெரிகிற மாதிரி ஒன்று. பதிவு பெற்ற பொறியாளர் பெயர் போட்டு ஏற்ற வேண்டும். தாமதமே இல்லை, அலுவலகத்துக்கு நடையும் இல்லை. பின்னால் யாராவது கேட்டால் படம் இருக்கும். வீட்டுப் பத்திரத்தோடு அந்தப் படமும் பிள்ளைகளுக்குப் போகும். இது சட்டத்தில் வர வேண்டும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

11 ஆகஸ்ட் 2024

அமுச்சி ஊருக்குப் போய் வந்தேன். விரிசல் அப்படியே இருக்கிறது. படம் எடுக்க நிமிர்ந்தபோது நிலைக்கட்டையில் செதுக்கிய எழுத்து கண்ணில் பட்டது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் 1917. பூமி குலுங்கி 17 வருடம் கழித்துக் கட்டிய வீடு! விரிசல் கரிசல் மண் வேலை: மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், கடைக்கால் ஒரு மூலையில் இறங்கும். ஜூன் 17-இல் எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அத்தை சொன்ன கதை பொய் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னது வேறு சுவராக இருந்திருக்கும், அது இடிந்து போயிருக்கும். நினைவு மட்டும் பக்கத்தில் இருந்த விரிசலைப் பிடித்துக்கொண்டது. 124 வருடத்தில் ஒரு நிலநடுக்கம் ஒரு குடும்பத்துக்குள் இப்படித்தான் தங்கும். சட்டமாக எழுதி வைத்தால்தான் இடம் மாறாமல் இருக்கும்.

8 செப்டம்பர் 2024

சேலத்து ஐயா கேட்டார்: ஒரு மாநிலம் நிலநடுக்கத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டது எங்காவது உண்டா? உண்டு. கலிபோர்னியாவைப் பாருங்கள், அங்கே ஒரு சட்டமல்ல, ஒரு வரிசை.

1933 மார்ச் 10 மாலை லாங் பீச்சில் நிலநடுக்கம். செங்கல் பள்ளிக்கூடங்கள் பலவும் சரிந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு போய்ச் சில மணி நேரம் ஆகியிருந்தது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, ஃபீல்ட் சட்டம் வந்தது. அரசுப் பள்ளிக் கட்டடத்தின் வடிவமைப்பை மாநிலம் சரிபார்க்க வேண்டும், கட்டும்போதும் ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டும். கட்டும்போது பார்ப்பதுதான் அதில் உயிர்.

1971 பிப்ரவரி 9, சான் பெர்னாண்டோ. புதிதாகத் திறந்திருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையே உடைந்து போனது. மறு ஆண்டே ஆல்கிஸ்ட்-பிரியோலோ சட்டம்: உயிருள்ள, அதாவது இன்னும் அசையக்கூடிய, நிலப் பிளவுக் கோடுகளை மாநில நிலவியலாளர் வரைபடமாக்க வேண்டும், அந்தக் கோட்டின்மேல் மனிதர் வசிக்கும் கட்டடம் கூடாது. 1973-இல் மருத்துவமனைகளுக்குத் தனிச் சட்டம். 1990-இல் மண் இளகும் இடம், மலைச்சரிவு சரியும் இடம் எல்லாவற்றையும் வரைபடமாக்கச் சட்டம். வரைபடத்துக்குள் வரும் இடத்தை விற்பவர் வாங்குபவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விதி. நம்மிடம் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுகிறோம், வண்டித்தட உரிமை எழுதுகிறோம், கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு என்று எழுதுகிறோம். இது குளத்து மண்ணை நிரப்பிய இடம், இந்த அடுக்ககத்தின் கீழ்த்தளம் வெறும் தூண்மேல் நிற்கும் கார் நிறுத்துமிடம் என்று எழுத ஒரு வரி போதாதா?

30 செப்டம்பர் 2024

இன்று கிள்ளாரி நாள். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நான்கு மணிக்குக் கொஞ்சம் முன், மராட்டியத்தில் லாத்தூர் பகுதி. அளவு 6.2. அப்போதைய வரைபடத்தில் அந்த இடம் ஒன்றாம் மண்டலம், எல்லாவற்றிலும் குறைந்த ஆபத்து. ஏறக்குறைய 10,000 பேர் போனார்கள். பெரும்பாலும் மண் வைத்துக் கட்டிய தடிமனான கருங்கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தன. நம் தோட்டத்துச் சாளைகளை, அந்தப் பழைய தோட்ட வீடுகளை, நினைத்துப் பாருங்கள்.

பில்லர் இல்லாத சுவர் வீட்டுக்கு மருந்து பெல்ட், அதாவது கம்பி வைத்த கான்கிரீட் பட்டை. பேஸ்மென்ட் மட்டத்தில் ஒன்று, லிண்டல் மட்டத்தில் ஒன்று, ஓட்டு வீடு என்றால் சுவர்த்தலையில் இன்னொன்று. நான்கு சுவரையும் விடாமல் சுற்றி ஓட வேண்டும், பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரி. சன்னல் தலையில் மட்டும் துண்டு துண்டாகப் போடுவது லிண்டல், அது பெல்ட் ஆகாது.

2009-இல் என் மாமாவுக்கு நான் கட்டிக்கொடுத்த வீட்டில் துண்டு லிண்டல்தான். கையில் பணம் குறைவாக இருந்தது. "மாப்ள, எங்க கொறைக்கலாம்?" என்று கேட்டார். நான்தான் அந்த இடத்தைக் காட்டினேன். அது மூன்று மாதமாக மனதில் கிடந்து உறுத்துகிறது. சட்டம் கட்டாயமாக்கியிருந்தால் மாமாவும் கேட்டிருக்க மாட்டார், நானும் காட்டியிருக்க மாட்டேன். சட்டம் வேண்டும் என்று நான் மாறியதற்குக் காரணம் அந்த வீடுதான். தெரிந்த ஆளே சொந்தக்காரனுக்குச் செய்தது இது.

1 அக்டோபர் 2024

கேட்டவர்களுக்கு: கட்டி முடித்த வீட்டுக்கும் வழி உண்டு. லிண்டலுக்கு மேலே சுவரைச் சுற்றிப் பூச்சைக் கொத்தி எடுத்து, வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) பட்டையைச் சுவரோடு ஆணியால் இறுக்கி, அதன்மேல் சிமென்ட் கலவை. உள்ளும் வெளியும் செய்து இரண்டையும் கம்பியால் இணைக்க வேண்டும். பழைய சுவரைப் பலப்படுத்த ஐ.எஸ். 13935 என்று தரமே இருக்கிறது.

2 டிசம்பர் 2024

மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து இன்றோடு ஐந்து வருடம். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, ஏறக்குறைய 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள்மேல் சாய்ந்தது. 17 பேர். அன்று நிலம் அசையவில்லை. மழை மட்டும்தான்.

நிலநடுக்கத்துக்குச் சட்டம் என்றால் நூறு வருடத்தில் ஒருநாளுக்காக ஏன் என்று ஈரோட்டு நண்பர் திரும்பக் கேட்டிருந்தார். அண்ணா, இதுதான் பதில். நிலநடுக்கத்தைத் தாங்குகிற சுவர் மழையையும் தாங்கும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள், அதற்கும் நிலம் அசையத் தேவைப்படவில்லை. 1964-இல் மதுரையில் பள்ளிக் கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்ட மாணவிகள் போனார்கள். மறு வருடம் 1965-இல் தமிழ்நாட்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகள் கட்டட உறுதிச் சான்று வாங்கி வட்டாட்சியரிடம் உரிமம் எடுப்பது அந்தச் சட்டப்படிதான். அறுபது வருடமாக இருக்கிற அந்தச் சான்றில், இந்தக் கட்டடம் எந்த மண்டலம், பெல்ட் உண்டா, பில்லர் அளவு என்ன என்று மூன்று கேள்வி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

26 ஜனவரி 2025

காலையில் கிராம சபைக்குப் போனேன். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் இந்த மாதம் 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் தனி அலுவலர்தான் வந்திருந்தார். குடிநீர், நூறு நாள் வேலை, தெருவிளக்கு எல்லாம் முடிந்த பிறகு எழுந்தேன்.

2001-இல் இதே நாள் காலையில் குஜராத்தின் பூஜ்ஜில் நடந்த நிலநடுக்கத்தைச் சொன்னேன். அளவு 7.7. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி அகமதாபாத்தில் அடுக்கு மாடிகள் உட்கார்ந்தன, பல கட்டடங்களில் கீழ்த்தளம் கார் நிறுத்தத் திறந்துவிட்டது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் 700-க்கும் மேற்பட்டவர்கள். அகமதாபாத் எந்த மண்டலம் தெரியுமா, மூன்று, நம் கோவை போலவே என்றேன். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"அதுக்கு நாம என்ன பண்றதுங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். பேத்தி எங்கள் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். பள்ளியின் பழைய இரண்டு வகுப்பறைகளைப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், பேரிடர் சட்டம் 41-ஆம் பிரிவைக் குறிப்பிட்டே தீர்மானம் எழுத வேண்டும் என்றேன். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

8 பிப்ரவரி 2025

கோவை குலுங்கி இன்றைக்கு 125 வருடம்.

பஞ்சாங்கக் கணக்குப் பார்த்தேன். 2019-20 விகாரி வருடம். 60 கழித்தால் 1959-60, இன்னும் 60 கழித்தால் 1899-1900. ஆக அந்த நாள் விகாரி வருடம் தை மாதக் கடைசி. பழைய ஓலை, கணக்கு நோட்டு வைத்திருப்பவர்கள் "விகாரி தை" என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில வருடத்தைத் தேடினால் கிடைக்காது.

குஜராத்தில் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைத்ததும் ஒரு பிப்ரவரி 8-தான், 2001-இல், பூஜ்ஜுக்குப் பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2003-இல் தனக்கென்று மாநிலச் சட்டமே போட்டது, மத்தியச் சட்டம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே. ஆக ஒரு மாநிலம் செய்ய முடியாத காரியம் இல்லை இது.

வால்பாறை நண்பர் அணைகள் பற்றிக் கேட்டார். 1967 டிசம்பர் 11-இல் மராட்டியத்தின் கொய்னாவில் அணைக்கட்டுப் பகுதியில் நிலம் ஆடியதிலிருந்து இந்தப் பயம் நாட்டுக்கு உண்டு. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள அணைகளில் நில அதிர்வு பதியும் நிலையம் வைக்க வேண்டும் என்கிறது. 30 மீட்டர் என்றால் 98 அடி சொச்சம். நம் பவானிசாகர் 105 அடி மண் அணை. அணைக்குத் தனிச் சட்டம் எழுதி, அதில் நில அதிர்வுக்கு ஒரு பிரிவும் எழுதிய நாட்டில், வீட்டுக்கும் பள்ளிக்கும் அப்படி ஒன்று கேட்பது மிகை இல்லை.

30 மார்ச் 2025

நேற்று முன்தினம் மியான்மரில் 7.7. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில், கட்டிக்கொண்டிருந்த 30 மாடிக்கு மேற்பட்ட அரசு அலுவலகக் கட்டடம் புழுதியாய் இறங்கியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாங்காக் முழுக்க இளகிய களிமண். முதல் நாள் பொள்ளாச்சி வாசகரின் அப்பா சொன்ன கெட்டிப் பாறைக்கு நேர் எதிர். தூரம் காப்பாற்றும் என்பதை இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பள்ளிக்குப் பொறியாளர் வந்தார், மார்ச் முதல் வாரத்தில். இரண்டு வகுப்பறைகளையும் அளந்தார், லிண்டல் மட்டத்தில் தட்டிப் பார்த்தார். பெல்ட் இல்லை. அறிக்கை எழுதுவதாகச் சொன்னார். அதுவரை மூன்றாம் வகுப்பைப் புதிய கட்டடத்து வராந்தாவுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

மாமா வீட்டில் வேலை தொடங்கிவிட்டேன், என் செலவில். மாமா முதலில் வேண்டாம் என்றார். "பதினாறு வருசம் நின்ன ஊடு மாப்ள." அத்தைதான் பாங்காக் படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். வெளிச்சுவரில் பூச்சைக் கொத்திய இடத்தில் செங்கல் நல்ல சிவப்பாக, நேற்று வைத்த மாதிரி இருக்கிறது. பல்லடத்தில் ரிங் வளைத்த அந்த அண்ணனே வந்து மெஷ் கட்டினார், பட்டைகள் மூலையில் சேரும் இடத்தை ஒரு முழத்துக்கு மேலே ஏற்றிப் பிணைத்தார், நான் சொல்லாமலே. கிழக்குச் சுவருக்குக் கலவை நேற்று முடிந்தது. ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். காலையில் மாமாவே ஓஸ் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார், கிழக்குச் சுவரில் வெயில் ஏறும் முன்.